காப்பிப்பொடி கலர் சேலையும் செல்வராணி அக்காவும்

செல்வராணி அக்கா இன்று காலை போய்விட்டார்.

நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆட்டோ பிடித்திருக்கிறார்கள்... ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான். எம்.ரெட்டியபட்டி வீட்டில் வைத்திருக்கிறார்கள். நாலு மணிக்கு எடுக்கிறார்கள்.

விருதுநகரில் பஸ் ஏறிவிட்டேன். சும்மா உட்கார முடியவில்லை. அதனால்தான் இதை டைப் செய்கிறேன்.

தெரியாதவர்களுக்கு... அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில், சேலை செக்‌ஷனில், அக்காவும் நானும் ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். அக்கா தினமும் ஒரே சேலை. ஒன்றே ஒன்று இல்லை, ஒரே மாதிரி எட்டு. காப்பிப்பொடி கலர் காட்டன், மெல்லிசாகக் கறுப்பு பார்டர், கறுப்பு ஜாக்கெட்.

சேலைக்கடையில் இப்படியா நிற்பது என்று முதலாளி ஒருமுறை முகம் சுளித்தார்.

"நான் பளபளன்னு நின்னா வாரவுக என்னையத்தான் பாப்பாக அண்ணாச்சி. சேலைய எப்பப் பாக்குறது?"

உண்மைதான். எந்தச் சேலையைப் பிரித்துத் தோளில் போட்டாலும் அந்தக் காப்பிப்பொடி மேல் எடுப்பாகத் தெரியும். நான் பூப்போட்ட சேலையில் நின்று காட்டினால் எல்லாம் ஒன்றாகக் குழம்பும். என்னிடம் வந்தவர்கள் நைசாக அக்கா பக்கம் நகர்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் காலையில் நாலு சேலையைக் கட்டில் மேல் பரப்பிவிட்டு, எதைக் கட்டுவது என்று தெரியாமல் லேட்டாக ஓடிவருகிற ஆள். "நீ பீரோ முன்னாடி நிக்கிற நேரத்துல நான் ரெண்டு இட்லி கூடத் திம்பேன்டி" என்பார்.

ஒரு தீபாவளி சீசனில் பிடிவாதம் பிடித்து, ரோஸ் கலரில் ஜரிகை வைத்தது ஒன்றைக் கட்ட வைத்தேன். வீரசோழன் ஊரிலிருந்து வழக்கமாக வருகிறவர்கள் அக்காவையே தாண்டிப்போய், "காப்பிப்பொடி அக்கா லீவா?" என்று என்னிடம் கேட்டார்கள். அக்கா சிரித்த சிரிப்பு... மறுநாள் பழையபடி எட்டில் ஒன்று.

இப்போது அக்கா மகள் போன் செய்தாள். பின்னால் ஒரே சத்தம்.

அக்காவின் அண்ணன் பிறந்த வீட்டுக் கோடியாகப் பச்சைப் பட்டு எடுத்து வந்திருக்கிறார். பீரோவைத் திறந்தால் மேல்தட்டு முழுக்கக் காப்பிப்பொடி. கீழ்த்தட்டில் அவர் வருஷா வருஷம் பொங்கல் சீராகக் கொடுத்த சேலைகள்... மடிப்புக்கூடக் கலையாமல்.

"நான் குடுத்ததக் கட்டக்கூடாதுன்னு எந்தங்கச்சியத் தடுத்தது யாரு?" என்று அக்கா வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டாராம்.

"அப்பா அப்படியெல்லாம் சொன்னதே இல்ல சித்தி. நீங்க சொன்னா மாமா கேப்பாக..."

போனை அவள் மாமாவிடம் கொடுக்கச் சொன்னேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"அண்ணே, யாரும் தடுக்கலண்ணே. அம்புட்டுச் சேலைக்கு நடுவுல நின்னு அவுகளாப் பாத்து எடுத்தது அது. எனக்கு இது போதும்டின்னு எங்கிட்டயே சொல்லிருக்காக."

சத்தத்தை விட்டு வெளியே வந்துவிட்டார் போல, குரல் பக்கத்தில் கேட்டது.

"அப்ப... அவளுக்கு எம்மேல கோவம் இல்லையாம்மா?"

கொடுத்ததைக் கட்டாததைப் பார்த்து, இத்தனை வருஷமும் அந்த மனுஷன் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. எனக்குக் கோபமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"பொங்க முடிஞ்சு கடைக்கு வந்தா மொதப் பேச்சே எங்கண்ணன் சேல குடுத்துச்சுங்கிறதுதாண்ணே."

மகள் போனை வாங்கிக்கொண்டாள். "காப்பிப்பொடியே கட்டுறோம் சித்தி. மாமா பட்ட மேல போத்துறேன்னுட்டாக. சீக்கிரம் வாங்க."

குமாரலிங்கபுரம் தாண்டிவிட்டது. டிரைவர் ஏன் இப்படி உருட்டுகிறார்...

வந்துக்கிட்டே இருக்கேன். கெளம்பிராதீகக்கா.