குடை இலாகாவின் ஒருநாள் அதிகாரி

எங்கள் ஹாக்கர்பி ஊரில் கிளெம் டாட்டர்சாலின் முகத்தை முழுசாகப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவனைப் பெற்றவள். இன்னொருத்தி கட்டியவள், டோரா. அவளும் கல்யாணத்தன்று மட்டும்தான் பார்த்தாளாம். மற்ற நாளெல்லாம் நிலக்கரி மூட்டை சுமக்கிற ஆள். வண்டியில் கரி எது, கிளெம் எது என்று குதிரைக்கே குழப்பம். ஆள் மலை மாதிரி, குரலும் அப்படியே. அவன் தும்மினால் இடி இடிக்கிறதென்று மூன்று தெருப் பெண்கள் ஓடிவந்து கொடியிலிருக்கும் துணியை எடுப்பார்கள்.

இந்த மலைக்குப் புறா என்றால் உயிர். கொல்லையில் பலகை அடித்து ஒரு கொட்டகை கட்டிப் பந்தயப் புறா வளர்த்தான். இருப்பதிலேயே கெட்டிக்காரப் புறாவுக்கு மாமியார் பெயர். ஏனென்று கேட்டால், "எங்க கொண்டுபோய் விட்டாலும் கரெக்டா திரும்பி வந்துடுது. வேற என்ன பேரு வைக்கிறது?" என்பான்.

அந்தக் கொட்டகை மேல்தான் கட்டட இன்ஸ்பெக்டர் ஸ்டப்பின்ஸின் கண் விழுந்தது. ஸ்டப்பின்ஸ் கண்ணாடி முன்னால் நின்றால் தனக்கே ஒரு வணக்கம் போட்டுவிட்டுத்தான் தலை சீவுவார். சீவுவதற்கு அங்கே ஒன்றும் கிடையாது, அது வேறு விஷயம். "அனுமதி வாங்காத கொட்டகை. திங்கட்கிழமை கடப்பாரையோட ஆள் வரும்" என்று சொல்லிவிட்டார்.

கிளெம் நகரசபைக்கு ஓடினான். அங்கே மேசையிலும் ஸ்டப்பின்ஸ்தான் உட்கார்ந்திருந்தார்.

"அனுமதி குடுங்க சார்."

"நேர்ல பாக்காம எப்படிக் குடுக்கிறது?"

"அப்ப வந்து பாருங்க."

"அனுமதி இல்லாத கொட்டகை சட்டப்படி கிடையவே கிடையாது. இல்லாததை நான் எப்படிய்யா வந்து பாக்குறது?"

"இல்லாததை எப்படி சார் இடிப்பீங்க?"

"அது வேற டிபார்ட்மெண்ட்."

கிளெம் வீடு வந்து புறாக்கள் நடுவில் உட்கார்ந்துவிட்டான். அவற்றை விற்கவும் முடியாது. எவன் வாங்கினாலும் மறுநாளே பறந்து இங்கேதான் வரும். கொட்டகை போனால் கழுத்தைத் திருகுவதைத் தவிர வேறு வழியில்லை. கழுத்தைத் திருக அவன் கைக்கு வராது.

சனிக்கிழமை சந்தைக்கு ஒரு சினிமாக் கோஷ்டி வந்து இறங்கியது. அப்போதெல்லாம் பேசாப் படம்தான். குடைக்கு அனுமதி கொடுக்கிற இலாகா என்று ஒன்றைக் கற்பனை பண்ணி, அதைக் கிண்டலடித்து ஒரு சின்னச் சிரிப்புப் படம் எடுக்க வந்திருந்தார்கள். அதிகாரியாக நடிக்கவேண்டிய ஆள் முந்தின நாள் கெட்டுப்போன சிப்பியைத் தின்றுவிட்டு விடுதியில் சுருண்டு கிடந்தான். டைரக்டர் ரூப்பர்ட் லைல் தலையில் கைவைத்து நிற்கும்போது, கரி இறக்கிக்கொண்டிருந்த கிளெம் கண்ணில் பட்டான்.

"உன்னை மாதிரி உடம்புதான்யா வேணும். நடிக்கிறியா?"

"எனக்கு நடிக்கத் தெரியாதே."

"பேசாப் படம், வாய் அசைஞ்சா போதும். ஆபீசர் மாதிரி எதையாவது பேசு."

"எனக்கு ஒரே ஒரு ஆபீசரைத்தான் தெரியும். அவர் பேசினதைத்தான் பேசுவேன்."

"அது போதும்!"

டோரா அவனைத் தொட்டியில் போட்டுத் தேய்த்தாள். அன்று கால்வாயே கறுப்பாக ஓடியது என்பார்கள். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு சிவந்த முகம் வந்தது. டோரா அதைத் துண்டால் இன்னொரு தடவை துடைத்துப் பார்த்தாள்.

"அழகாத்தான்யா இருக்க! இத்தனை வருஷம் ஏன் மறைச்சு வச்ச?"

உருண்டைத் தொப்பி, ஒட்டுமீசை, சந்தை நடுவில் ஒரு மேசை. காமிராவை ரொட்டிக்கடை மாடி ஜன்னலுக்குள் மறைத்து வைத்தார்கள். மேசை முன்னால் குடையோடு வரிசையில் நிற்க, வெட்டியாய் நின்ற நாலு பேருக்கு லைல் பீர் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் நெருப்பைத் தாண்டிப் போவார்கள், வரிசையைத் தாண்டிப் போகமாட்டார்கள். கண்ணில் பட்டால் வாலில் போய் ஒட்டிக்கொண்டுதான் மறுவேலை. துணி வெளுக்கும் மிஸஸ் ஆக்ராய்ட் வந்து நின்றாள்.

"எதுக்குப்பா இந்த வரிசை?"

"தெரியலம்மா. ஆனா நகருது."

"நகருதா? அப்ப நல்ல வரிசைதான்."

அரைமணியில் வரிசை தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஊர் எல்லையை எட்டிப்பார்த்தது. நானும் என் மீன்கடையைப் பூனைகளிடம் ஒப்படைத்துவிட்டு நின்றேன். மழைக்குப் பிறந்த ஊர் என்பதால் எல்லார் கையிலும் குடை. மேசையில் கிளெம் ஒவ்வொருவரையும் மிரட்டிக்கொண்டிருந்தான். ஆளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மாடியில் லைல் சிரித்துச் சிரித்து ஜன்னலிலிருந்து விழப் பார்த்தார்.

அப்போது ஸ்டப்பின்ஸ் வந்தார். தனக்குத் தெரியாமல் ஊரில் ஒரு ஆபீசா? தன் தொப்பியைவிடப் பெரிய தொப்பியா? நேராக மேசைக்குப் போனார்.

"ஓய்! வால் அந்தப் பக்கம் இருக்கு!" என்று மொத்த வரிசையும் கத்தியது.

"நான் இன்ஸ்பெக்டர்!"

"ராஜாவா இருந்தாலும் வால் அந்தப் பக்கம்தான்!"

போய் நின்றார். நிற்க நிற்க அவருக்குப் பயம் கூடியது. இவ்வளவு பேர் நிற்கிறார்கள் என்றால் லண்டனிலிருந்து வந்த பெரிய அதிகாரியாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிட்டார். மேசைக்கு வந்து சேரும்போது தொப்பி கையிலிருந்தது.

கிளெமும் அவரைப் பார்த்ததும் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டான். ஆனால் தெரிந்தது ஒரே வசனம்தானே.

"குடைக்கு அனுமதி இருக்கா?"

"இல்லைங்க ஐயா. இப்பவே குடுத்துடுங்க."

"நேர்ல பாக்காம எப்படிக் குடுக்கிறது?"

"இதோ பாருங்க ஐயா, கையிலதான் இருக்கு."

"அனுமதி இல்லாத குடை சட்டப்படி கிடையவே கிடையாது. இல்லாததை நான் எப்படிய்யா பாக்குறது? உடைக்கிறதுன்னா உடைக்கலாம். அது வேற டிபார்ட்மெண்ட்."

ஸ்டப்பின்ஸ் முகம் பீட்ரூட் ஆனது. குடையை மேசையில் ஓங்கித் தட்டினார்.

"கண்ணு முன்னால இருக்கிறதை இல்லேன்னு சொல்ல நீ யாருய்யா? கழுதைகூட இப்படிப் பேசாது! முதல்ல பாரு, அப்புறம் அனுமதியை எழுது! அதுதான்யா ஒழுங்கு!"

மொத்தச் சந்தைக்கும் கேட்டது. கிளெம் தொப்பியைக் கழற்றி, மீசையைப் பிய்த்தான்.

"சரிங்க சார். அதே ஒழுங்குல என் கொட்டகையையும் வந்து பாத்துடுங்க."

ஸ்டப்பின்ஸ் மேசை மேல் குனிந்து அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ... கரிக்காரன் டாட்டர்சாலா?"

"ஆமா. குளிச்சிருக்கான்" என்றாள் மிஸஸ் ஆக்ராய்ட். "கழுதைன்னு யாரைச் சொன்னீங்க, இன்ஸ்பெக்டர்?"

சிரிப்புச் சத்தத்தில் சந்தைப் புறாக்களெல்லாம் கூரையை விட்டு எழும்பின. போலி ஆபீசரிடம் வரிசையில் நின்றேன் என்று ஸ்டப்பின்ஸ் ஒப்புக்கொள்வாரா? தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கு முதல்லயே தெரியும். கொட்டகையைப் பாக்கத்தான் கிளம்பினேன். போற வழியில சும்மா உனக்கு நடிக்க ஒத்தாசை பண்ணேன்."

"ரொம்ப நல்லா நடிச்சீங்க சார்" என்றான் கிளெம், மரியாதையாக.

ஸ்டப்பின்ஸ் முன்னால் நடக்க, வரிசை கலையாமல் பின்னாலேயே போனோம். கொல்லையில் நின்று கொட்டகையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, தானே அதைப் படைத்தவர் மாதிரி, "கொட்டகை இருக்கிறது" என்று அறிவித்துக் கையெழுத்துப் போட்டார்.

படம் எங்கள் ஊர் சினிமாக் கொட்டகைக்கு வந்தபோது ஸ்டப்பின்ஸ் முதல் வரிசையில் உட்கார்ந்து, தன் காட்சி வந்ததும் எழுந்து நின்று கும்பிடு போட்டார். கிளெம் வரவில்லை. அன்று பிரான்சில் திறந்துவிட்ட புறாக்கள் வீடு திரும்புகிற பந்தயம். கொல்லையில் மறுபடி கறுத்த முகத்தோடு வானத்தைப் பார்த்து நின்றான். இருட்டுமுன் ஒவ்வொன்றாக வந்து இறங்கி, தத்தம் பொந்துக்குள் நுழைந்துகொண்டன.