இடுப்புக்குள் முளைத்த எலும்பு

சர்ஜேராவ் பாட்டீல் கோலாப்பூரில் பேர்போன மல்லர். பெயர் வாயில் நுழையாத நரம்பு நோய் ஒன்று, ஒரே வாரத்தில் அவரைக் கழுத்துவரை மரக்கட்டையாக்கி, நாற்பது நாள் மூச்சு இயந்திரத்தில் படுக்கப் போட்டது. அப்புறம் விரல் மடங்கியது, பாதம் அசைந்தது. வலது இடுப்பு மட்டும் மடங்கவே மாட்டேன் என்றது. இன்னும் இரண்டு மாதத்தில் மகள் வைஷாலிக்குக் கல்யாணம். மனைவி இந்துபாயோடு மணையில் உட்கார்ந்து தாரைவார்க்க வேண்டும்.

மல்யுத்தக் கூடத்தில் இறுகிய மூட்டுக்கு ஒரே வைத்தியம்தான்: எண்ணெய் தடவு, ஏறி அழுத்து. கூட்டாளி ரங்கராவ் தினமும் காலையில் வீட்டுக்கு வந்து, அவர் முழங்காலை நெஞ்சை நோக்கி நெட்டித் தள்ளுவார்.

"போதுமாடா?"

"வலிக்குதுன்னு சொன்னேனா? அழுத்துடா ரங்க்யா! காலையில பாக்ரி ரொட்டி தின்னியா, இல்லையா?"

தொடை வீங்கிச் சுட்டது. சதை ஏறுகிறது என்று இரண்டு பேரும் பூரித்துப்போனார்கள். அட மடையர்களா!

ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுக்கும் டாக்டர் மானசி எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தாள். இடுப்பைச் சுற்றிச் சதைக்குள் புது எலும்பு படர்ந்திருந்தது.

"யாராவது முரட்டுத்தனமா மடக்கினாங்களா?"

"இல்லையே, தாயி."

"இந்த நோயில தானாவும் வளரும். பலவந்தமா மடக்கினா கிளறிவிட்ட மாதிரி."

"வெட்டி எடுத்துடுங்க."

"எலும்பு முத்தணும். இப்ப வெட்டினா மறுபடியும் வளர்ந்துடும். ஒரு வருஷமாவது பொறுக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் சர்ஜேராவ் விட்டெறிந்த மோர்த் தம்ளர் சுவரில் மோதி நசுங்கியது.

"தம்ளர் என்ன பண்ணுச்சு?" என்றாள் இந்துபாய்.

"எதிராளின்னா சாய்ச்சுடுவேன். என் எலும்பே எனக்கு எதிரா நின்னா யாரைத் தூக்கிப் போடறது?"

ரங்கராவிடம் அவர் உண்மையைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அழுத்து அழுத்து என்று கத்தியது யார்? எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

கல்யாணத்தன்று ரங்கராவும் அவர் மனைவியும்தான் மணையில் உட்கார்ந்தார்கள். சர்ஜேராவ் நடக்க உதவும் கைத்தாங்கியைப் பிடித்தபடி பின்னால் நின்றார். தாரைவார்த்து எழுந்த ரங்கராவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் காதருகே வந்தார்.

"கேடுகெட்ட எண்ணெய்! இன்னும் ஒரு மாசம் நான் அழுத்தியிருந்தா, நீயே உட்கார்ந்திருப்படா."

சர்ஜேராவ் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஆமாண்டா," என்றார்.