அம்முலுவின் லேட்டு என்ட்ரி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் அம்முலுவைத் தேடி வயலுக்கே ஆள் வரும். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் சாலையோரம் ஏதாவது ஒரு வயலில் அவள் களையெடுத்துக்கொண்டிருப்பாள்.

"அம்முலு, எம்பொண்ணு பாஸாயிடுச்சி. எதுல போடறது?"

அவள் சேற்றுக் கையோடு நிமிர்வாள். மார்க்கைக் கேட்க மாட்டாள். "ஆறாவதுல இருந்து எந்த ஸ்கூலு?" என்பதுதான் முதல் கேள்வி. பிறகு, கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜுக்கு ஒரு விண்ணப்பம், இன்ஜினியரிங்குக்கு வேறு, வேளாண்மைக்கு வேறு, ஒவ்வொன்றுக்கும் கடைசித் தேதி வேறு என்பாள். ஒன்றை நம்பி இன்னொன்றை விட்டுவிடாதே என்பாள். ஐந்தாவதோடு நின்றவள் அவள். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டாள்.

அவள் மகள் ஜெனிஃபர் இன்று இன்ஜினியரிங் கடைசி வருடம். நான்கு வருடங்களுக்கு முன் அந்தப் பெண் அறுநூற்றுக்கு நானூற்று எழுபத்தெட்டு வாங்கினாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழரை சதவீதம் தனி ஒதுக்கீடு உண்டு, அதில் சீட் கிடைத்தால் செலவு முழுவதும் அரசாங்கத்துடையது என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அந்த நம்பிக்கையில் இன்ஜினியரிங்கைத் தவிர வேறு எதற்கும் விண்ணப்பம் போடவில்லை.

சான்றிதழ் சரிபார்க்க உதவி மையத்துக்கு இருவரும் போனார்கள். தாள்களைப் புரட்டிய அலுவலர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஆறாவது மட்டும் எய்டட் ஸ்கூலா?"

"ஆமா சார். அந்த வருஷம் இவங்கப்பா வாலாஜாபாத் ரைஸ்மில்லுல மூட்ட தூக்கிக்கினு இருந்தாரு. அங்கியே குடியிருந்தோம். பக்கத்துல சேத்தேன்."

"ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்லயே படிச்சிருக்கணும்மா. இந்தக் கோட்டா பாப்பாவுக்கு வராது."

புருஷன் ஏசுதாஸ் வேண்டாம் என்றபோதும், கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளி, பிள்ளை நன்றாகப் படிக்கும் என்று பிடிவாதமாகச் சேர்த்தவள் அம்முலுதான். திரும்பி வரும் பஸ்ஸில் ஜெனிஃபர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்முலுவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பொதுக் கலந்தாய்வில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரிதான் கிடைத்தது. முதல் பட்டதாரிச் சலுகை போக மீதிக் கட்டணமும் விடுதிச் செலவும் அவர்களால் ஆகிற காரியமில்லை. ஆர்ட்ஸ் காலேஜுக்குத் தேதி முடிந்திருந்தது.

"ஒரகடத்துல கம்பெனிக்குப் போறேன்மா. ஒரு வருஷம் பாத்துட்டு அப்பறம் படிக்கிறேன்."

"அப்பிடிப் போனதுங்க எது திரும்பி வந்து படிச்சிது?" என்றாள் அம்முலு.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு அருகே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் கல்பனாவிடம் போய் நின்றாள். கல்பனா பாலிடெக்னிக்கில் படித்தவள்.

"பிளஸ் டூ முடிச்சவங்க பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாவது வருஷம் சேரலாம்க்கா. ரெண்டே வருஷத்துல டிப்ளமா. அப்புறம் அவங்களுக்குன்னு ஒரு கவுன்சிலிங் கீது. பி.இ.யிலயும் நேரா ரெண்டாவது வருஷம் எடுத்துக்குவாங்க. லேட்டரல் என்ட்ரின்னு பேரு."

"லேட்டு என்ட்ரியா? லேட்டா வந்தவங்களையும் சேத்துக்குவாங்களா?"

கல்பனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "லேட்டு இல்லக்கா. பக்கவாட்டுல நுழையறது."

"எதுல நுழைஞ்சா இன்னா. எத்தினி வருஷம் கூட ஆவும்?"

"நாலுக்கு அஞ்சு. ஒண்ணுதான்."

ஜெனிஃபர் ஒப்பவில்லை. "பத்தாவது முடிச்சிட்டு வந்ததுங்களோட போயி நான் ஒக்காரணுமா? என்கூட படிச்சவ எல்லாம் எனக்கு முன்னாடி முடிச்சிடுவா."

அம்முலு சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஆறாவதுல உன்ன அங்க சேத்தது நானு. அந்த ஒரு வருஷத்த நாந்தான் உங்கிட்டயிருந்து எடுத்துக்கினேன். இந்த ஒரு வருஷத்த நான் தரேன் ஜெனி. நீ கம்பெனிக்கிப் போவாத. நான் நாலு வயல் கூட எறங்கறேன்."

அத்தனை நாள் அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் ஜெனிஃபருக்கு வந்தது. "நீ வேணும்னா செஞ்சே?" என்று தாயின் முந்தானையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அரசு பாலிடெக்னிக் ஒன்றில் காலியிடம் இருந்தது. பத்தாவது முடித்து வந்த பையன்கள் அவளுக்கு லேப் வேலையைச் சொல்லிக்கொடுத்தார்கள், அவள் அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு வருடம் ஓடியது.

டிப்ளமா முடித்தவர்களுக்கான கவுன்சிலிங் முடிவு வந்த அன்று, பச்சமுத்துவின் வயலில் நடவு. கல்பனா கடையில் எடுத்த தாளோடு ஜெனிஃபர் வரப்பில் ஓடி வந்தாள். தாளை அம்முலுவிடம் நீட்டினாள். நடவுப் பெண்கள் எல்லாம் கையில் நாற்றோடு நிமிர்ந்தார்கள்.

தாள் முழுவதும் இங்கிலீஷ். அழுக்காகிவிடும் என்று அம்முலு அதைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இதுல உம் பேரு எது?"

ஜெனிஃபர் விரல் வைத்துக் காட்டினாள்.

"கவர்மெண்ட் காலேஜின்னு எங்க போட்டுக்கீது?"

அதையும் காட்டினாள். அதற்குள் பச்சமுத்து, வேலை ஏன் நின்றது என்று கேட்டபடி வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "சத்தமாப் படிம்மா, நாங்களும் கேக்கறோம்" என்றார்.

ஜெனிஃபர் வரப்பில் நின்று பதிவு எண்ணிலிருந்து ஆரம்பித்துக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். யாருக்கும் பாதிக்குமேல் புரியவில்லை.

"இன்னோரு தபா படி" என்றாள் அம்முலு.