தம்பி கொடுத்த ஒரு பை ரத்தம்

ஓசூர் கம்பெனி கொடுத்த என் அடையாள அட்டையின் பின்பக்கம் ஓ பாசிட்டிவ் என்று அச்சடித்திருக்கும். அதனால், கர்ப்பப்பைக் கட்டியால் உதிரம் போய்ப் போய், படி ஏறினாலே மூச்சு வாங்கும் நிலைக்கு வந்தபோதும் நான் பயப்படவில்லை. ரத்தம் ஏற்றிய பிறகுதான் ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. ஓ பாசிட்டிவுக்கா பஞ்சம்? கம்பெனியில் எங்கள் லைனில் பாதிப் பேர் அதுதான்.

ஷிப்ட் முடிந்ததும் கூட வேலை செய்பவர்கள் கழுத்தில் அட்டை தொங்க ஒரு வேன் நிறைய ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கினார்கள். "ஊருக்கே குடுக்கலாம் எங்க ரத்தத்த, உனக்குச் சேராதாக்கா?" என்று கையை நீட்டினாள் தளியிலிருந்து வேலைக்கு வரும் பெண். சேரவில்லை. யாருடைய ரத்தத்தை என்னுடையதோடு கலந்து பார்த்தாலும் திரிந்த பால் போலக் கட்டிகட்டியாகிவிட்டது. என் கணவர் அட்டை அச்சடித்தவனைத் திட்ட ஆரம்பித்தார்.

ரத்த வங்கி டாக்டர் மறுபடி சோதித்துவிட்டு எங்களை உட்காரவைத்துச் சொன்னார். எல்லார் ரத்தத்திலும் அடியில் ஒரு பொருள் இருக்குமாம். அதன் மேல்தான் ஏ, பி எல்லாம். ஓ என்றால் அந்த அடி மட்டும். எனக்கு அந்த அடியே இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் ஓ மாதிரித் தெரியும். ஓ ரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. பாம்பே குரூப் என்று பெயராம். பெங்களூரையே தாண்டாத எனக்கு வந்த பெருமையைப் பாருங்கள்.

"உங்க அப்பா அம்மா சொந்தமா?" என்று கேட்டார்.

அப்பா அக்கா மகளைக் கட்டியவர். வேப்பனப்பள்ளிப் பக்கம் அதைக் கேள்வியாகக்கூடக் கேட்க மாட்டார்கள். அப்படியானால் கூடப் பிறந்தவர்களைக் கூப்பிடுங்கள், அவர்களில் யாருக்காவது இதே ரத்தம் இருக்கலாம் என்றார்.

இருப்பது ஒரே தம்பி. என் மகளை அவனுக்குத்தான் என்று குடும்பமே முடிவு செய்திருந்தது. அவள் மாட்டேன் என்றாள். நானும் கொடுக்க மாட்டேன் என்றேன். பேச்சுவார்த்தை அன்றோடு நின்றது. அவன் அத்தை பேத்தியைக் கட்டிக்கொண்டான், எனக்குப் பத்திரிகைகூட வைக்கவில்லை. அவனிடம் போய்க் கை நீட்டுவதா? செத்தாலும் வேண்டாம் என்றேன். எனக்கும் ரோஷம் உண்டு.

எனக்குத் தெரியாமல் மகள்தான் போன் செய்திருக்கிறாள். மாந்தோப்பில் மருந்தடித்துக்கொண்டிருந்தவன் அந்தச் சட்டையோடே பஸ் ஏறி வந்துவிட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. சோதித்ததில் அவனுக்கும் அதே ரத்தம். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கூடவே அவமானமாகவும் இருந்தது. மகளுக்கும் பார்த்தார்கள். அவள் அப்பா அந்நியம் என்பதால் அவளுக்குச் சாதாரண ரத்தம்தான்.

தம்பி டாக்டரிடம் மெல்லக் கேட்டான்: "இந்தப் பொண்ண நான் கட்டியிருந்தா?"

"பொறக்கற குழந்தைக்கு இதே ரத்தம் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வேற சொந்தத்துல கட்டினாலும் வரலாம்."

அவன் ரத்தம் கொடுக்கப் போய்ப் படுத்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டிலோரம் வந்து நின்றான். நான் அன்று மகளைக் கொடுக்காதது இதெல்லாம் தெரிந்து அல்ல, அவள் அழுதாள் என்பதால்தான். அதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவனே பேசினான்.

"பாப்பாவுக்குப் பேரு வெச்சப்ப உன்னக் கூப்புடல. அத்தை மடியில வெச்சுத்தான் பேரு சொல்லணும், வேற யாரோ சொன்னாங்க. அவளுக்கு ரத்தம் பாக்கணும்க்கா. ஊசின்னா அழுவா. எனக்குப் பயமா இருக்குது. நீ கூட வர்றியா?"

அவனுக்குப் பெண் பிறந்திருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"தையல் பிரிக்கட்டும், என் மடியிலயே வெச்சுக்கறேன்" என்றேன்.