ஒரே பெட்டியில் இரண்டு பேர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி மாதம். நான் திருவண்ணாமலை–கீழ்பென்னாத்தூர் தடத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலை டிரிப் முடித்து இறங்கும்போதே டைம் கீப்பர் ஓடி வந்தார். "உங்க சம்சாரத்த ஆஸ்பத்திரில சேத்துட்டாங்களாம், போங்க." அவளுக்கு அப்போது ஏழு மாதம்தான். காக்கிச் சட்டையோடு நான் போய்ச் சேர்வதற்குள் குழந்தைகள் பிறந்துவிட்டன. முதலில் பெண், பிறகு பையன். இரட்டை என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

"பொண்ணு ஒன்னே கால் கிலோ, பையன் ஒன்றரை" என்றார் டாக்டரம்மா. "வேலூருக்கு அனுப்பலாம். ஆனா வழியில தாங்குமான்னு சொல்ல முடியாது. இங்கயே பாக்கலாங்களா?"

தலையாட்டினேன்.

பிரசவ வார்டை ஒட்டிய சின்ன அறையில் கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் எரிந்த இரண்டு பல்புகளின் சூட்டில் இருவரும் ஒட்டிப் படுத்திருந்தார்கள். மூக்கில் மெல்லிய குழாய். பையன் அவ்வப்போது கையை ஆட்டுவான். பெண் மூச்சு விடுகிறாளா என்று உற்றுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனைவி பிரசவத்தில் ஜன்னி கண்டு, வேறு வார்டில் நினைவு தெளியாமல் கிடந்தாள். அவளுக்குத் துணையிருந்த என் அக்கா வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "பையன் தெம்பா இருக்கான்டா. அவனையாச்சும் காப்பாத்தச் சொல்லு. பொண்ணு நிக்காது."

"ரெண்டு பேரையும்தான் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவேன். இனிமே இந்தப் பேச்சு வேணாங்கா."

எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருத்தியை விட்டுவிட்டு ஒருவனைக் கேட்க வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கரண்ட் போயிற்று. கொஞ்ச நேரத்தில் நர்சம்மா கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். "பெட்டி ஆறுது. உள்ள வாங்க, சட்டையக் கழட்டுங்க."

"நானா?"

"வேற யாரு? உங்க சம்சாரத்தால எழுந்து உக்கார முடியாது. உடம்புச் சூடுதான் வேணும். கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க."

ஸ்டூலில் உட்கார வைத்து, இருவரையும் என் வெறும் மார்பில் சாய்த்து, மேலே பழைய புடவையைச் சுற்றினார். ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய கைகள். எங்கே அழுத்திவிடுவேனோ என்று பயந்து தோள் விறைத்தது. வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா, "ஆம்பளைக்கு இங்க என்ன வேலை?" என்றார். "கரண்ட் வந்ததும் அனுப்பிடறேம்மா" என்றார் நர்சம்மா. டாக்டரம்மா இரு குழந்தைகளின் பாதத்தையும் தொட்டுப் பார்த்தார். சூடாகத்தான் இருந்தன. அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. இடது பக்கம் இருந்த பெண்ணின் முதுகு ஏறி இறங்கவில்லை. "சிஸ்டர்!" என்று கத்தினேன். "கால்ல சுண்டுங்க, உள்ளங்கால்ல!" என்றபடி ஓடி வந்தார். சுண்டினேன். ஒன்றுமில்லை. இன்னொரு முறை, பலமாக. அவள் முகம் கோணி, பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. பிறகு மூச்சு. நர்சம்மா வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். நான் அவளைக் கொடுக்கவில்லை.

கரண்ட் வரும்போது மதியம் ஒரு மணி. மறுநாளே டிப்போவில் நீண்ட லீவு எழுதிக் கொடுத்தேன். கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். மனைவிக்கு நினைவு தெளிந்ததும், அவள் பீய்ச்சிக் கொடுத்த பாலை டம்ளரில் மூடி எடுத்துக்கொண்டு ஓடுவேன். "யாருக்கு ஜாஸ்தி குடுத்தாங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். "ரெண்டு பேருக்கும் சமமா" என்பேன்.

பன்னிரண்டாம் நாள் அக்காவும் நானும் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனோம். பெட்டிக்குள் கைவிட்டு முதலில் பெண்ணைத்தான் தொட்டாள். அக்கா சொன்னது எப்படியோ அவள் காதுக்கும் எட்டியிருந்தது. "இவளையா நிக்காதுன்னாங்க?" என்றாள். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

நாற்பத்தைந்தாம் நாள் இருவரையும் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அக்காதான் பெண்ணைத் தூக்கி வந்தாள், வழியில் யாரிடமும் கொடுக்கவில்லை. பெண் நடக்க இரண்டரை வயதாயிற்று. கண்ணாடியும் போட வேண்டியிருந்தது. பையனை மட்டும் ஒரு வருஷம் முன்னதாகவே பள்ளியில் சேர்க்கலாம் என்றார்கள். நாங்கள் காத்திருந்து, இருவரையும் ஒரே நாளில் சேர்த்தோம்.