தலைவர் பெயரும் தேர்த் தேதியும்

வலைப்பக்கம் செய்கிறவனுக்கு எழுதுவதைவிட, எதை அழுத்திக் காட்டுவது என்பதுதான் தலைவலி. இந்தத் தொழிலில் மாட்டியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாய்ந்த எழுத்து

அப்போது ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருந்தேன். லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டி, தேர்த் திருவிழாவுக்கு வலைப்பக்கம் கேட்டது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் ஒரே நாள் லீவில் வருகிறவர்கள். கமிட்டித் தலைவரின் மகளும் அங்கே கார்மெண்ட் ஃபேக்டரியில்தான். தேதி தவறினால் தேர் போச்சு. அதனால் தேதிக்கு, அழுத்திச் சொல்லும் ‘எம்’ குறியைப் போட்டேன், எழுத்து சாய்ந்தது. தலைவரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“என்னா தம்பி, மழைக்கு மண்ணு சரிஞ்ச மாதிரி நிக்குது?”

பதினொரு தடியர்கள்

சரியென்று, ‘இது முக்கியம்’ எனச் சொல்லும் ‘ஸ்ட்ரோங்’ குறிக்கு மாற்றினேன். தேதி தடித்தது. உடனே தலைவர் தன் பெயரையும் தடிப்பாக்கச் சொன்னார். செயலாளரும் கேட்டார். பொருளாளர் கேட்கவில்லை, அவர் சம்சாரம் போன் எடுத்துக் கேட்டார். கமிட்டியின் பதினொரு பேரும் தடித்த பிறகும் தலைவர் முகம் தெளியவில்லை.

“என்னைய விட தேதி பெருசா தெரியுதே. அதைக் கொஞ்சம் மெலிசாக்கு.”

கள்ள வேலை

தலையாட்டினேன். பெயர்களுக்கு, முக்கியம் என்று சொல்லாமல் வெறுமனே தடிப்பாக்கும் ‘பி’ குறியைப் போட்டேன். தேதியின் ‘ஸ்ட்ரோங்’ குறியை எடுக்கவேயில்லை. பார்வைக்கு மட்டும் மெலிசாக்கினேன். கண்ணுக்குத் தலைவர் முக்கியம், கம்ப்யூட்டருக்குத் தேதி முக்கியம். யாழ்ப்பாணத்துக்காரரான என் முதலாளியிடம் பெருமையாகக் காட்டினேன்.

“ஒருத்தருக்கும் தெரியாத முக்கியம் ஆருக்கடா?”

ஞாயிற்றுக்கிழமை பஸ்

மேளக்காரர்களை வேறு தோட்டம் பிடித்துக்கொண்டதால் தேர் ஞாயிறிலிருந்து சனிக்கு மாறியது. வலைப்பக்கத்திலும் மாற்றினேன். இப்போதாவது தேதியைத் தடிப்பாக்கலாமா என்று கேட்டேன், தலைவர் விடவில்லை.

சனிக்கிழமை கொழும்பிலிருந்து வந்தது ஒரே ஆள்: செயலாளரின் தம்பி, ராசு அண்ணன். கண் தெரியாதவர், அங்கே ஒரு ஆபீஸில் டெலிபோன் எடுக்கிறார். பக்கத்தை அவருக்கு மென்பொருள் ஒன்று வாசித்துக் காட்டும். ‘ஸ்ட்ரோங்’ வந்தால் மட்டும் குரலை உயர்த்தும்படி வைத்திருந்தார். பதினொரு பெயரையும் முணுமுணுத்துவிட்டு, ‘சனிக்கிழமை’ என்று கத்தியதாம். அன்று தேர்வடத்தில் முதல் ஆளாக நின்றார்.

மறுநாள், பழைய தேதியை நம்பி மற்றவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தேர் கொட்டகைக்குள் போயிருந்தது. வலைப்பக்கத்தில் போட்டிருந்ததே, பார்க்கவில்லையா என்று தலைவர் தன் மகளைக் கேட்டார். அவள் வெறும் தேரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“ஒங்க பேரப் பாத்த சந்தோஷத்துல வேற எதையும் படிக்கலப்பா.”

அடுத்த வருடமும் தலைவர் பெயர் தடிப்பாகத்தான் இருந்தது. தேதியை மட்டும் எல்லாரும் ராசு அண்ணனுக்குப் போன் எடுத்துக் கேட்டுக்கொண்டார்கள்.