பிள்ளைகளை அடிக்காத வாத்தியார்

மூலக்குளத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் நிற்கிறேன். போன மாதம் இறந்த, பிரெஞ்சு கற்பித்த ஆசிரியரின் புத்தகங்கள் இங்கேதான் வந்திருக்கின்றன. பிள்ளைகளை அடிக்கக் கூடாது, ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே வகுப்பு என்று அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் பள்ளி நடத்திய அறிஞரின் வாழ்க்கையை அவர் ஒரு பிரெஞ்சுப் புத்தகத்திலிருந்து தமிழில் எழுதி முடித்து, என்னை வந்து வாங்கிப் போகச் சொல்லியிருந்தார். நான்தான் நாளைக் கடத்தினேன்.

கடைக்காரர் காகிதம் வேறு, அட்டை வேறாகப் பிய்த்துப் போடுகிறார்.

"கையால எழுதின நோட்டு இருந்துச்சா பாய்?"

"நோட்டெல்லாம் நேத்தே சேதராப்பட்டு மில்லுக்குப் போயிடுச்சு சார். ஊறவெச்சு முட்டை அட்டை பண்ணிடுவாங்க. இந்த புக்கு வேணா எடுத்துக்கங்க."

அட்டை போன அந்த பிரெஞ்சு மூலத்தை நீட்டுகிறார். ஓரமெங்கும் ஆசிரியரின் பென்சில் கோடுகள். பக்கம் பக்கமாகப் புரட்டுகிறேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது.